கிளியின் கழுத்து

– கழுத்தத் திருகுனாப் போதாதா தம்பி? வெட்டித்தான் ஆகணுமாக்கும்?

– வெட்டணும்ணே.

– நாஞ் சொல்றேன் கேளு ராஜகுரு. இந்தக் கதையக் கேக்காம வளந்த பிள்ளை திருச்சுழி வட்டாரத்துலயே கெடையாது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒத்தப் பனை. பனையில ஒரு பொந்து. பொந்துக்குள்ள கிளி. கிளிக்குள்ள மந்திரவாதி உசுரு. ராசகுமாரன் கிளி கால ஒடிப்பான், மந்திரவாதிக்குக் காலு போகும். றெக்கையப் பிய்ப்பான், கை போகும். கழுத்தத் திருகுவான், கதை முடிஞ்சிரும். எல்லாம் வெறுங்கையிலதான். நடுவுல அருவா எங்கயிருந்துப்பா வந்துச்சு?

– இசை நாடகமா எழுதுறப்ப மாத்திக்கிட்டேன்.

– அத மட்டுமா மாத்துன? மந்திரவாதி தரையில படுக்கணுமாம். கழுத்த நீட்டிக் கெடக்கணுமாம். அந்தக் கழுத்துக்கு மேலயே கிளியப் பிடிச்சு ராசகுமாரன் ஒரே போடாப் போடணுமாம். அதுக்கு முகாரியில மெட்டுப் போட்டுக் குடுத்திருக்கேன் பாரு, இந்த இருளப்பசாமி, என்னையச் சொல்லணும்! ஆர்மோனியத்துல விரலு ஓடுறப்ப புத்தி ஓடல. இப்ப இந்த வேசக் கொட்டகையில உக்காந்து யோசிச்சாத்தான் ஒறைக்குது.

– பொழுது சாய ஆட்டம். இப்பப் போயி ஏன்ணே?

– இப்பத்தான சாமான் பெட்டியத் தொறந்தேன். அட்டை அருவா இருந்துச்சு. கிரீடம் இருந்துச்சு. ஒம் பொண்டாட்டி ஜெகதி தச்ச துணிக் கிளி இருந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில இது இருந்துச்சு. பாரு. தொடாத, விரலு போயிரும்.

– அருவா.

– இல்ல, தோசைக் கரண்டி! நெஜ அருவாடா இது. கொட்டகைக்குள்ள எதுக்கு வந்துச்சு?

– நான் வைக்கல.

– யாருகிட்டப் பொய் சொல்ற? ராசகுமாரன் வேசம், ராசபார்ட்டு நீயி. மந்திரவாதி வேசம் கட்டுறது யாரு? தங்கபாண்டி. ஒம் பொண்டாட்டியோட கூடப் பொறந்த அண்ணன். பந்தல்குடி ரோட்டுல அவ மேல லாரிய விட்டு ஏத்துனது அவந்தான்னு ஊருக்கே தெரியும். ஸ்டேசன்ல மட்டும் வேற டிரைவரு போயிக் கையக் கட்டி நின்னான்.

– எனக்கும் தெரியும்ணே.

– தங்கச்சி மேல ஏத்த வரல அவன். ஒம் மேல ஏத்த வந்தான். சொல்லாமக் கொள்ளாமத் தாலி கட்டுனதுக்கு. அது தெரியுமா ஒனக்கு?

– செவப்பு ஹெல்மெட்டு.

– என்ன?

– நம்ம ஊருல செவப்பு ஹெல்மெட்டு மாட்டுறது நான் ஒருத்தன்தான். அன்னைக்குத் தூறல். அங்கன்வாடிக்கு நேரமாச்சுன்னு ஜெகதி என் வண்டிய எடுத்தா. எம் மழைக்கோட்டு. எந் தொப்பி. பின்னாலயிருந்து பாத்தா நான்தான்.

– அய்யா சாமி…

– தலை ஹெல்மெட்டுக்குள்ளயே இருந்துச்சுண்ணே. உடம்பு தள்ளி, வேலிக்கருவைக்குள்ள கெடந்துச்சு. ரெண்டையும் நான்தான் எடுத்தேன்.

– போதும்ப்பா. சொல்லாத.

– ஏன் கழுத்துன்னு நீங்கதான கேட்டீக.

– கேட்டது எந் தப்புதான். ஆனா ஒண்ணு. நம்ம பக்கம் வெட்டு குத்துக்குப் பஞ்சமில்ல. பங்காளியப் பங்காளி கோயில் வாசல்ல வச்சு வெட்டிருக்கான். ஆனா அரிதாரம் பூசுனவன் மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு பய கை வச்சதில்ல. மூஞ்சியில பூச்சு ஏறிட்டா, மங்களம் பாடுற வரைக்கும் அவன் நம்மள மாதிரி மனுசன் இல்ல. அவனத் தொட்டா குலம் விளங்காது.

– அதுக்குத்தான் கடைசிக்கு முந்துன பாட்டு.

– எது? மந்திரவாதி மனசு ஒடஞ்சு அழுது, ராசகுமாரி சேலையில மூஞ்சிய அழுந்தத் தொடச்சு… அடப்பாவி! பூச்சு போயிரும்!

– மனுசனாயிருவான்.

– அந்தப் பாட்டப் பாடிக் காட்டுறப்ப எங் கண்ணுல தண்ணி வந்துச்சேடா. காலேசு படிச்ச புத்தி கதைய எப்படி ஒசத்திருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. கடைசியில அது பாட்டு இல்ல, கெடாயக் குளிப்பாட்டுறது! அப்ப ஒத்துக்கிட்ட. இந்த அருவா ஒன்னதுதான்.

– அது என்னோடதில்லண்ணே. என் அருவா இதுக்குள்ள இருக்கு.

– எதுக்குள்ள? ஏலே… என் ஆர்மோனியப் பெட்டிக்குள்ளயா! சரசுவதி குடியிருக்கிற பெட்டிடா, அதுல போயி!

– அதத்தான் யாரும் தொறந்து பாக்க மாட்டாக.

– நல்லா இரு. நல்லா இரு. அப்ப என் கையில இருக்கிறது யாருது? இரு, வெளிச்சத்துல பாப்போம். பிடியில பித்தளைப் பூணு. நேத்துப் பொங்கல் கெடாய்க்கு இதத்தான எடுத்தாக… தம்பி, இது தங்கபாண்டி வீட்டு அருவா. புதுசாத் தீட்டிருக்கு. எண்ணெ கூடக் காயல. வெளங்குதா? அன்னைக்குத் தப்புன கணக்க இன்னைக்கு முடிக்க வாரான். நீ கேட்டதும் மறு பேச்சுப் பேசாம மந்திரவாதி வேசத்துக்கு ஒத்துக்கிட்டான் பாரு, எனக்கு அப்பவே இடிச்சுச்சு. ஓடிரு. அருப்புக்கோட்டை பஸ்ஸு வார நேரம்தான். நான் ஏதாச்சும் சொல்லி ஆட்டத்த நிப்பாட்டிக்கிறேன்.

– போகல.

– அவன் முந்துவான்டா!

– முந்தட்டும்.

– இது என்ன பேச்சு? ஒடம்புல உசுரு இருக்கா இல்லையா ஒனக்கு? ரெண்டு பேரும் மேடையில வெட்டிக்கிட்டுச் சாவீக, அங்கன்வாடிப் பிள்ளைக முன் வரிசையில உக்காந்து கை தட்டுமா? எங்க டீச்சரு கதைன்னு காலையிலயிருந்து பாயி போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்குதுக. டீச்சரு அந்தக் கதைய எப்படி முடிப்பா? சொல்லு.

– எதுக்கு?

– சொல்லுடான்னா.

– கிளி சாகாது. பிள்ளைக அழும்னு. ராசகுமாரன் கையத் தொறந்துருவான். கிளி பறந்துரும்.

– மந்திரவாதி?

– ஒவ்வொரு மரமா அண்ணாந்து பாத்துக்கிட்டே திரிவான். சாகவும் மாட்டான். தூங்கவும் மாட்டான்.

– அந்த முடிவத்தான அவ ஊருப் பொங்கலுக்கு இசை நாடகமாப் போடணும்னு ஆசைப்பட்டா? மொதப் பாட்டு மெட்டே அவ பாத்திரம் கழுவுறப்ப முனங்குனதுன்னு நீதான சொன்ன?

– மொதப் பாட்டு அவளோடது. முடிவு என்னோடது.

– கேக்குதா, புல்லட்டுச் சத்தம். வந்துட்டான். அந்தப் பெட்டியத் தொறக்காத. தொறக்காதன்னா! கைய எடு, குடுடா அத எங்கிட்ட!

– விடுங்கண்ணே. வாங்க மச்சான்.

– என்ன மாப்ள, ஆளுக்கொரு அருவாளோட மல்லுக்கட்டுறீக? ஆட்டம் இப்பவே தொடங்கிருச்சா?

– தங்கபாண்டி, அங்கனயே நில்லு! ஒரு எட்டு எடுத்து வச்ச, இந்த ஆர்மோனியத்தத் தூக்கி மண்டையில போட்டுருவேன், நாஞ் சொல்றேன்!

– போடுங்கண்ணே. இதவிடப் பெரிய லோடு ஒண்ணு ஏற்கனவே எம் மண்டையில ஏறி உக்காந்துருக்கு.

– மச்சான், மூஞ்சி வெறுமன இருக்கு. வேசம் போட்டு விடுற சங்கர் அரிதாரத்தக் கொழச்சு வச்சுக்கிட்டு ஒங்களத்தான் தேடுறான்.

– வேணாம்னுட்டேன் மாப்ள. பம்புசெட்டுல முங்கிக் குளிச்சிட்டு அப்படியே வாரேன்.

– பூசிக்கிட்டா ஒருத்தரும் தொட மாட்டாக.

– அதான் பூசல. ஒத்திகையில நான் கழுத்த நீட்டிப் படுக்கிறப்ப நீ அட்டைய ஓங்கிக்கிட்டு நிப்பேல்ல? அண்ணாந்து ஒங் கண்ணப் பாத்தேன் மாப்ள. அட்டையில வெட்டுற கண்ணு இல்ல அது. அன்னைக்கு லாரிக் கண்ணாடியில எங் கண்ணும் அப்படித்தான் இருந்துச்சு. எறங்கிப் போயி அந்தத் தொப்பியோட மூடியத் தூக்கிப் பாக்குற வரைக்கும்.

– பேச்சப் பாரு! அப்ப இந்த அருவாளத் தீட்டிக் கொண்டாந்து பெட்டிக்கடியில எதுக்குடா வச்ச? யாருக்கு வச்ச?

– ராசபார்ட்டு கையில குடுக்கத்தாண்ணே வச்சேன். மாப்ள, அந்தத் துணிக் கிளிய மட்டும் ஓரமா எடுத்து வச்சிரு, எந் தங்கச்சியோட அங்கன்வாடிப் பிள்ளைக அழும். எங் கழுத்து மட்டும் போதும்.