படிக்குக் கீழே பஞ்சு மூட்டை

எங்கள் வீட்டில் தரை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐயா. குடத்தின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்து வருவேன். வயசாளி இருக்கிற வீட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் எனக்குப் பொறுக்காது.

புருஷன் வேண்டாமென்று விட்டபிறகு அப்பா வீட்டோடு வந்துவிட்டேன். மில்லில் கழிவுப் பஞ்சு வாங்கித் தலையணை தைத்து விற்கிறேன். அப்பா சோணைமுத்து அதே மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கால்தான் ஓயவில்லை. காலையில் டீக்கடை, மத்தியானம் சங்கத்து ஆபீஸ், சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட். யாரைப் பார்க்கப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

தொண்ணூறாம் வருஷத்து ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி உட்கார்ந்தார். சிராய்ப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி ஆவுடையப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். வாசலில் நின்றே சொன்னான்.

"வீட்டுல சும்மாதான இருக்க. ஒரு மனுசனப் பாத்துக்கிட ஏலலியாக்கா? இன்னொருவாட்டி விழுந்தாருன்னா ஒன்னயத்தான் கேப்பேன்."

அன்றோடு என் உறக்கம் போனது. செம்பு உருண்டாலும் அப்பாவோ என்று ஓடுவேன். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, இருக்கியளா?" என்பேன். "செத்தா சொல்லி அனுப்புதேன், போட்டி" என்பார். அவருக்குச் சிரிப்பு. விழப்போவது அவர், பேச்சு வாங்கப்போவது நான். செருப்பை ஒளித்து வைத்தேன்; வெறுங்காலோடு போனார். கதவைப் பூட்டினேன், ஜன்னல் வழியாகத் தெருவையே கூப்பிட்டு என் மானத்தை வாங்கினார்.

மறு வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் இழுக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். வாலிபத்திலிருந்து வடம் பிடிக்காமல் இருந்ததில்லையாம். அந்தக் கூட்டத்தில் விழுந்தால் மிதித்தே கொன்றுவிடுவார்கள் என்றேன். "தேருக்கு முன்னால போற உசுரு போயிட்டுப் போகுது" என்றார். சோறாக்கிப் போட ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

அப்போதுதான் புத்தி தெளிந்தது. எப்போது விழுவார், எங்கே விழுவார் என்று தெரியாததுதானே வேதனை. நாமே இடம் பார்த்து, பக்கத்தில் நின்று, பதமாக விழவைத்துவிட்டால் அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது?

தேருக்கு முதல் நாள் காலையில் கொல்லைப் படியில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றினேன். தலையில் அடிபடக் கூடாதென்று படிக்குக் கீழே, துவைக்கிற கல்லோரம், ஒரு பஞ்சு மூட்டையை வைத்தேன். பெற்ற தகப்பன் அல்லவா. நினைத்தபடியே தலை மூட்டையில் சாய்ந்தது, இடுப்பு கல்லில் இறங்கியது. அவரைத் தூக்குவதற்கு முன் படியைக் கழுவித் துடைத்தேன். ஆட்கள் ஓடிவருவார்கள், இன்னொருவர் வழுக்கி விழக் கூடாது.

அப்பா கத்தவில்லை. மூட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி குருவு, இந்த மூட்டை இங்க எப்பிடி வந்துச்சு?"

"காய வச்சேன்ப்பா."

"இன்னும் வெயிலே வரலயே" என்றார். அப்புறம் கேட்கவில்லை. தம்பியிடம் தானாகத்தான் வழுக்கிவிட்டேன் என்று சொன்னார்.

அந்த ஒரு வருஷம்தான் நான் நிம்மதியாக உறங்கினேன். இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தவர், எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுக்கமாட்டேன். குடித்தால் எழுந்து போகத் தோன்றும், எழுந்தால் விழுவார். உதடு வெடித்துக் கிடந்தார், ஆனால் ஒருநாளும் விழவில்லை. தெருவே என்னை மெச்சியது. "நீ இல்லன்னா அப்பா இல்லக்கா" என்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நான் பஞ்சு எடுக்க மில்லுக்குப் போகிற நேரத்திலெல்லாம் அவர் சுவரைப் பிடித்து நடந்து பழகியிருக்கிறார். எனக்குத் தெரியாது. இந்த ஆடியில் ஒரு நாள் மில்லிலிருந்து திரும்பினால், சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"தம்பி நாளைக்குக் காலையில காரு கொண்டு வாரான். தேர் பாத்துட்டு அவன் வீட்டோடயே இருந்துக்கிடுதேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. தம்பி வீட்டில் வாசல்படி உயரம், தரை மொசைக். அவன் பெண்டாட்டி தண்ணீரைச் சிந்திவிட்டு அப்படியே போகிறவள். அங்கே விழுந்தால் யார் ஓடி வருவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காரில் ஏறுமுன் கால் கழுவக் கொல்லைக்குப் போனார். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. படியைச் சரியாகக் கழுவ நேரம் இல்லை.

இறந்தவர் வேட்டியில் சோற்றுப் பருக்கை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். கஞ்சியில் பருக்கை கிடக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றிவிட்டேன். அது ஒன்றுதான் என் தப்பு. மற்றபடி எல்லாம் போன வருஷம் செய்தது போலத்தான் செய்தேன். அதே படி, அதே கல்.

மூட்டையை மட்டும் வைக்கவில்லை. வைத்தால், எப்படி வந்தது என்று மறுபடியும் கேட்பார்.