அப்புசாமி சாரின் மஞ்சளும் பிரிஜிட் டீச்சரின் மீன்களும்

‘கூட்டம் முடிந்ததும் மீன்களுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.’ மாலையும் கழுத்துமாக மேடையில் அமர்ந்திருக்கும் உங்கள் மனத்தில் இந்த நிமிடம் ஓடுவது இதுதான் என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் காலையிலேயே மாற்றிவிட்டோம், டீச்சர். இன்று ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்து உங்கள் புகழைக் கேளுங்கள்.

மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களின் அக்காவாக, அறிவோடு அன்பையும் அன்போடு அடக்கத்தையும் சேர்த்தே வழங்கிய பிரிஜிட் டீச்சர் அவர்களே, முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை நிறைவுசெய்து விடைபெறும் உங்களை அலோர் காஜா அறிவியல் பயிற்சி அறையின் ஆசிரியர்கள் வணங்கி மகிழ்கிறோம்.

மீன் எப்படி நிறம் மாறுகிறது என்று ஆராய 1993இல் உங்களுக்கு நிதி கிடைத்தது. வேறொருவராக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ந்திருப்பார். நீங்களோ, அதே அறையில் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி நடக்க வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கினீர்கள். பெரிய கூடத்தில் பேசி, தேநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் பயிற்சிகளுக்கே பழகியிருந்த எங்களை, ஓடையில் பிடித்த செப்பாட் மீன்கள் நீந்தும் வாளியோடு வாசலில் வரவேற்றீர்கள். எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியவர் இதோ முதல் வரிசையில் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டிருக்கும் அப்புசாமி சார். பள்ளி விடுமுறையில் மீன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. வெள்ளைத் தொட்டியில் இருந்த மீன்கள் வெளிறிப்போயிருப்பதைக் கண்டார். நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அவற்றை அங்கே விட்டிருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ரத்தம் செத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டி, கறுப்பு வாளிக்கு மாற்றி, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, அந்நியர் நுழையாதபடி வாசலிலும் ஒரு கொத்து கட்டிவிட்டார். நீங்கள் வந்தபோது மீன்கள் கருகருவென்று இருந்தன. உங்கள் ஒரு வார ஆய்வு வீணாகியிருந்தது.

“டீச்சர், எல்லாம் தேறிருச்சு. மஞ்சள் வேல செஞ்சிருச்சு லா.”

“அப்ப பொங்கல் வச்சிர வேண்டியதுதானே, சார்?” என்றார் எங்களில் ஒருவரான மோனிக்கா டீச்சர்.

உங்களுக்குக் கோபம் வரவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். வந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தீர்கள். துடைத்து முடிப்பதற்குள் அந்தக் கோபம் உங்களுக்குள் எங்கோ போய்க் கேள்வியாகத் திரும்பி வந்திருந்தது.

“தேத்துனது மஞ்சளா, வாளியா? எப்படி சார் கண்டுபிடிக்கிறது?”

வெள்ளைத் தொட்டி இரண்டு, கறுப்பு வாளி இரண்டு வைத்தோம். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றில் மட்டும் மஞ்சள். மாலைக்குள் கறுப்பு வாளி இரண்டிலும் மீன்கள் கறுத்திருந்தன. வெள்ளைத் தொட்டி இரண்டிலும், மஞ்சள் இருந்தும் இல்லாமலும், வெளுத்திருந்தன. முதலில் கைதட்டியவர் அப்புசாமி சார்தான். இன்று ரெம்பியா வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை ‘அப்புசாமி சோதனை’ என்றே செய்து பார்க்கிறார்கள். அந்தப் பெயரை வைத்ததும் நீங்கள்தான். ஒரு மனிதரின் வெட்கத்தை அவருக்கே பெருமையாக மாற்றித் தர உங்களால் முடிந்தது.

நுண்ணோக்கியில் கண் வைக்கும் யாரையும் “சரியா, டீச்சர்?” என்று கேட்க நீங்கள் விட்டதில்லை. பார்த்ததைச் சொல், பெயர் பிறகு வரட்டும் என்பீர்கள். எங்களுக்குள் நெடுநாளாக ஒடுங்கிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த வார்த்தையில் மெல்ல விரிந்தது.

இனி, பத்து பெரண்டாம் ஊரில் உள்ள வீட்டில் உங்கள் கணவர் எட்வின் ஐயாவோடு சனிக்கிழமைகளில் விடிந்த பிறகும் தூங்குங்கள். கண்ணும் காலும் குறையாமல், நூறு ஆண்டு நலமாக வாழுங்கள்.

வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளையும் வைக்க நினைத்திருந்தோம். அறையை அடுத்து நடத்தப்போகிறவர் பவானேஸ்வரி டீச்சர். அவர் பெயரைப் பரிந்துரைத்தவர் நீங்கள். நிதி தருபவர்கள் வரும் மாதம் அவருடைய பயிற்சியை நேரில் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் சனிக்கிழமை வகுப்பு நின்றுவிடும். எனவே அன்று மட்டும் நீங்கள் வந்து உட்கார வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். ஆனால் அதற்கான பதில் போன சனிக்கிழமையே கிடைத்துவிட்டது.

மீன் செதிலில் பொட்டாசிய உப்புக் கரைசலை ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பவானேஸ்வரி டீச்சர் உங்களை அழைத்தார். “நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லிருங்க, டீச்சர். அன்னிக்கும் பக்கத்துல உக்காந்திருங்க, போதும்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன தெரிஞ்சது?”

“நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருந்த கறுப்பெல்லாம் சுருங்கிப் புள்ளியா நிக்குது.”

நீங்கள் சிரித்தீர்கள். காலியாக இருந்த நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினீர்கள்.

“அப்புறம் நான் எதுக்கு? நான் வரல, பவானி,” என்று சொல்லிவிட்டு, தொட்டி கழுவப் போனீர்கள்.

என்றும் உங்கள்,
அலோர் காஜா அறிவியல் பயிற்சி அறை ஆசிரியர்கள்
மே 1996