ஏழாவது தத்துப்பூச்சி

தேநீர் ஆறிவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள், சார். நான் ஆறியதைத்தான் குடிப்பேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் டம்ளர் நினைவில் நிற்காது.

தத்துப்பூச்சிகளை இனம் பிரிப்பது என் வேலை. அரிசியைவிடச் சிறியவை, இலைச்சாற்றை உறிஞ்சும், கிட்டே போனால் தத்தி ஓடிவிடும். நான் பார்த்துவந்த சிறு பிரிவில் ஆறே இனங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஆணின் வயிற்று நுனியை வெட்டிப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். இதையெல்லாம் என்னோடு உட்கார்ந்து பேச உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். உதவிக்கு வந்தவள். சின்னவளே என்று கூப்பிடுவேன். அவள் வரும்வரை என் ஆய்வறையில் என் குரலை நானே கேட்டதில்லை.

ஒருநாள் சொன்னாள்: "ஆறும் முடிஞ்சிருச்சேக்கா. இனி இதுல என்ன இருக்கு? வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு."

அதனால் ஏழாவதை நான் உண்டாக்கினேன். எங்கள் பூச்சி ஒன்றின் உடம்பில், வெட்டாமலே வித்தியாசம் தெரியும் வேறொரு பூச்சியின் வயிற்றை ஒட்டினேன். சுத்தமான வேலை. அவள் துள்ளிக் குதித்தாள், பயணத்தைத் தள்ளிப்போட்டாள். இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் வெட்ட மனம் வராமல், இன்னொன்றைத் தேடி வயல்வயலாக இருவரும் வலை வீசினோம். அந்த மழைக்காலம் நன்றாக இருந்தது.

எங்கும் கிடைக்காததால் கடைசியில் வெட்டிப் பார்க்க அதையே ஊறவைத்தாள். பசை கழன்றுவந்தது.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"நீ போயிடுவியேன்னுதான்."

அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா. ஆனா திங்கக்கிழமை கிளம்பறேன்."

மோசடி வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து செய்ததாக என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். அவள் சொன்ன சொல் மாறாதவள்.

பூச்சிப் பெட்டிகளை வண்டு அரிக்காமலிருக்க, ஒரு சிற்றறையில் அடுக்கி நச்சுப்புகை போடுவோம். கிளம்புவதற்கு முன் என் சுமையைக் குறைப்பதற்காக அவளே பெட்டிகளை உள்ளே சுமந்துபோனாள். வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.

"அக்கா, கதவு மாட்டிக்கிச்சு," என்றாள் சிரித்துக்கொண்டே.

புகைக் குழாயைத் திறந்தேன். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன், அவளை அங்கே தனியாக விட மனமில்லாமல்.

அவளுக்கு அம்மா இருக்கிறாள். கட்டிக்கொள்ளப்போகிறவன் இருக்கிறான். ஆனால் சத்தம் அடங்கும்வரை "அக்கா, அக்கா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். வேறு யாரையும் அவள் தேடவில்லை.