அந்த முப்பத்தெட்டு பேர்

ஷிபா: ...ஸ்லைடுல அந்த ஆறாயிரத்த அழி, ஜெரிஷே. மொதல்ல அத அழி.

ஜெரிஷ்: ஏட்டி, சென்னையில இருந்து முதலீடு போடுறவங்க மூணு மணிக்கு வாறாங்க. இப்பம் வந்து அழிங்கியா?

ஷிபா: ஆறாயிரம் பேரு நம்ம ஆப்ப போன்ல ஏத்துனாங்க. சரி. ரெண்டாவது மாசம் எத்தன பேரு அதத் தொறந்தாங்க?

ஜெரிஷ்: அது வேற கணக்கு...

ஷிபா: வேற இல்ல. நம்ம எதுக்கு இத தொடங்கினோம்? ரப்பர் வச்சிருக்கவங்களுக்கு பால் வெட்ட ஆள் கிடைக்கணும். வெட்டுக்காரங்களுக்கு வேல கிடைக்கணும். அவ்வளவுதான? குலசேகரத்துலயே அது நடக்கல. நீ கொல்லத்துல விளம்பரம் வைக்கப் போறேன்னு நிக்க.

ஜெரிஷ்: வளரணும்லா.

ஷிபா: பால் விழுற சிரட்டையே ஓட்ட. அத மாத்தாம இன்னும் நூறு மரம் வெட்டுனா பால் எங்க போவும்? மண்ணுக்குத்தான்.

ஜெரிஷ்: ஆமா, பெரிய தோட்டத்து முதலாளி. உங்க வீட்டுல ரெண்டே ரெண்டு மரம்...

ஷிபா: சிரிக்காத. தங்கபாய் அக்காவுக்கு நம்ம செய்தது ஓர்ம இருக்கா?

ஜெரிஷ்: திரும்ப அதையா...

ஷிபா: திரும்பத்தான். இருவது வருசமா வெட்டுகா. வேலைக்கு வாறியான்னு கேட்டதுக்கு மூணு தடவ பதில் சொல்லலன்னு நம்ம ஆப் அவள வெளிய தள்ளிட்டு. மரத்து மூட்டுல நிக்கும்போ அங்க சிக்னல் இல்ல. எப்பிடிச் சொல்லுவா?

ஜெரிஷ்: ஒரு ரூல்ஸ் வேணும்லா.

ஷிபா: வடசேரியில ஃபேனுக்குக் கீழ இருந்து நீ எழுதுன ரூல்ஸ். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம் ஆளில்லாம கெடக்கு. இந்தப் பக்கம் அவ வேலயில்லாம இருக்கா. "நான் என்ன தப்பு செய்தேன் மக்களே"ன்னு எங்கிட்ட கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?

ஜெரிஷ்: ...பொறவு சரி செய்தாச்சுல்லா.

ஷிபா: செய்தது நான். நீ அன்னைக்கு லோகோ பச்சையா நீலமான்னு பாத்துட்டு இருந்த.

ஜெரிஷ்: குத்திக் காட்டாத. முப்பத்தெட்டு தோட்டக்காரங்க நம்மகிட்ட உண்டு. பதினொரு மாசத்துல ஒருத்தர்கூட விட்டுப் போவல. வாரம் தவறாம ஆப்ல ஆள் கேக்காங்க. இன்னைக்கு அதையும் காட்டுவேன்.

ஷிபா: அதக் காட்டாண்டாம்.

ஜெரிஷ்: ஆறாயிரமும் வேண்டாம், முப்பத்தெட்டும் வேண்டாம். பின்ன உன் மூஞ்சியையா காட்ட?

ஷிபா: அவங்க ஏன் நிக்காங்கன்னு யோசிச்சியா?

ஜெரிஷ்: ஆப் தானா ஆளச் சேத்து விடுது. அதனாலதான்... ம்... போன் எடுக்க இனி ஆள் வேண்டாம்னு சென்னைக்காரங்க சொன்னாங்க. வாற மாசம் அந்த நம்பர நிறுத்தணும்.

ஷிபா: ...எந்த நம்பர?

ஜெரிஷ்: ஷிபா...

ஷிபா: நான் எடுக்கிற நம்பரயா? நீ என்ன சொன்ன?

ஜெரிஷ்: போன வாரமே சரின்னு சொல்லிட்டேன். உனக்கு வேற பொறுப்பு...

ஷிபா: பொறுப்பா? சவத்த விடு, இதக் கேளு. ராஜையன் மாமனுக்கு ஆப் தொறக்கவே தெரியாது. குளோரி டீச்சருக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணுல படாது. மழன்னா எனக்கு போன்ல விளிப்பாங்க. வெட்டுக்காரிக்கு காய்ச்சல்னாலும் எனக்குத்தான். முப்பத்தெட்டு பேரும் அப்பிடித்தான். யாருக்கு யாரு ஒத்துப் போவும்னு பாத்து ஆளச் சொல்லி விடுகது நான். பொறவு அவங்க பேருல ஆப்ல அமுக்குகதும் நான்.

ஜெரிஷ்: இத ஏன் இப்பம் சொல்லுக?

ஷிபா: துபாய் வேலய விட்டுட்டு வந்தவன், ஒடஞ்சு போவியேன்னு இத்தன நாளும் சொல்லல. அந்த நம்பர நிறுத்துனா மறுநாளே ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. மனசிலாச்சா?

ஜெரிஷ்: எனக்குத் தெரியும், ஷிபா. முப்பத்தெட்டும் ஒரே போன்ல இருந்து வாறத மொத மாசமே பாத்துட்டேன். பாத்துட்டும், எல்லாம் ஆப்தான் செய்யுதுன்னு சென்னைக்காரங்ககிட்ட சொன்னது நான். அத நம்பித்தான் உன் நம்பர நிறுத்தச் சொன்னாங்க.