தீப்பெட்டிப் படம் சேர்த்த செண்பகவல்லி அக்காவுக்கு

முப்பத்து மூன்று ஆண்டுகள் தாள் வெட்டும் கட்டிங் மெஷின் முன் நின்று நின்று, முழங்கால் வீங்கி, பாதம் எரிந்து, பொழுது சாயும் நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாலும், வலி என்ற சொல்லை வாயிலிருந்து விடாத எங்கள் செண்பகவல்லி அக்கா அவர்களே,

கருணைக் கடலே, கற்பகத் தருவே என்று ஊரார் பணி ஓய்வுக்கெல்லாம் நம் அச்சகம் அடித்த மடல்களை ஓரம் வெட்டிக் கொடுத்தவை உங்கள் கைகளே. அச்சொற்கள் எத்தனை பேருக்குப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களுக்கென்றே சொல்லுகிறோம்: கழிவில் கலை கண்ட கண்ணே, குப்பையில் கோபுரம் பார்த்தவரே, வாழ்க!

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் முன் கழிவுத் தாள் மூட்டையைத் திறப்பீர்கள். தீப்பெட்டிப் படம், பருத்தி விதை விளம்பரம், பம்புசெட் நோட்டீஸ், பல்பொடி உறை என்று பொறுக்கிப் பொறுக்கிப் பதினான்கு ஆல்பம் சேர்த்தீர்கள். இன்று உங்கள் ஓய்வு விழாவில் அவை இம்மண்டபத்தில் விரிந்து கிடக்கின்றன. பந்தியில் சாம்பார் ஆறுகிறது, ஒருவரும் நகரவில்லை. சிவப்பு மை விலகி விழுந்து மீசை முளைத்த புலியைப் பார்க்க வாசல்வரை வரிசை நிற்கிறது.

“அக்கா பீரோவுல சேலைக்கு இடமில்லையாம்ல. புலியும் மயிலும்லா படுத்திருக்கு” என்பார் நம் மெஷின்மேன் ராமசுப்பு.

“ஏலே, குச்சி ஒரு வாரத்துல தீந்துரும். படம் போட்டவன் ஒரு மாசம் குனிஞ்சு உக்காந்திருப்பான். அவன் கைவேலைய யாரு பாக்கது?” என்பீர்கள்.

பறவை ஆல்பத்தின் முப்பத்தாறாம் பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறோம். பத்தொன்பது ஆண்டுகள் தேடி, கயத்தாற்றில் பூட்டிக் கிடந்த கடையின் பரணிலிருந்து பருத்திக் கிளி என்ற தீப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்தீர்கள்; வெட்டாத ஒரே தாளில் நாற்பது கிளிகள். அது சேர்ந்தால் பறவை வரிசை முழுமை. சுருக்கம் நிமிரட்டும் என்று தாள் கட்டுக்கு அடியில் வைத்தீர்கள். மை சமமாகும்வரை கழிவுத் தாளை ஓடவிடுவது நம் தொழில் வழக்கம். ராமசுப்பு அதையும் கழிவென்று உருவி ஓடவிட்டார். நாற்பது கிளிகள் மேலும் புண்ணாக்கு விளம்பரம் விழுந்தது.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். “ரிஜிஸ்டர் நல்லாத்தாம்லே விழுந்திருக்கு, ஒரு எழுத்துகூட விலகல” என்றீர்கள். மறுநாள் அந்தத் தாளை வேறோர் ஆல்பத்தில் ஒட்டித் தேதி எழுதினீர்கள். “இதுவும் பழசாவும்லா” என்றீர்கள்.

இதை மடலில் எழுதலாமா என்று தயங்கினோம். “எழுதுங்க, எம்பேரையும் போடுங்க” என்றவர் ராமசுப்புதான். இன்னொரு கிளித் தாளைத் தேடிக் கழுகுமலை முதல் குளத்தூர்வரை ஞாயிறுதோறும் பழைய கடைகளில் ஏறி இறங்குகிறார். தை மாதம் நூலகத்தில் உங்கள் கண்காட்சி. அதற்குள் அந்த முப்பத்தாறாம் பக்கம் நிரம்ப வேண்டும் என்பதே எங்கள் எல்லோரின் தவிப்பு.

பழைய கடை இடிபடும் இடமெல்லாம் முதல் ஆளாய்ச் சென்று, கண்ணொளி குன்றாமல், நூறாண்டு நலமுடன் வாழ்க.

அன்புடன்,
அச்சகப் பணியாளர்கள்,
கோவில்பட்டி.

நாங்கள் இன்னும் உங்களுக்குத் தரவேண்டியது: பருத்திக் கிளி, வெட்டாத தாள், ஒன்று.