தட்டு ஏலம்

பான்கேக் மாவை ரொம்ப அடிக்கக் கூடாது. அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும், அப்போதுதான் மெத்தென்று வரும். எங்கள் சேவைச் சங்கத்தில் இதை யாருக்கும் புரிய வைக்க என்னால் முடிந்ததில்லை. நல்ல காரியம் என்றதும் ஆர்வக் கோளாறில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் அன்று காலை நான் அடுப்புப் பக்கமே நின்றிருந்தேன், மேடம். கோர்டி பின்வாசல் வழியாக உள்ளே வந்தபோது அவனை முதலில் பார்த்ததும் நான்தான்.

நீங்கள் விசாரணைக்காக மாடிசனிலிருந்து வந்திருக்கிறீர்கள், எந்தச் சங்கத்திலும் இல்லை என்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் சங்கம் செவ்வாய்தோறும் மதிய உணவுக்குக் கூடும். தலைவர் மணியடிப்பார், ஒரு பாட்டு, பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்கும் பேச்சாளருக்கும் நடுவில் அபராதம். அபராத அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவர் எழுந்து ஒவ்வொருவர் மேலும் ஏதாவது குற்றம் சாட்டுவார். பத்திரிகையில் உன் படம் வந்தது, அபராதம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அபராதம். டை நன்றாக இல்லை, அபராதம். சிரித்துக்கொண்டே பணத்தை டப்பாவில் போட வேண்டும், அது தர்மத்துக்குப் போகும். எங்கள் அபராத அதிகாரி கோர்டி பிரெக்கி. நெடுஞ்சாலை ஓரத்தில் கார் விற்பவன். அவனும் நானும் ஒரே வகுப்பு.

எனக்கு அவனைப் பிடிக்காது. அதை மறைக்க நான் பிரயத்தனப்படவில்லை. ஆனால் பிடிக்காத ஒருவனோடு வாரம் தவறாமல் சாப்பிடுவதற்குத்தானே சங்கம் என்று ஒன்று இருக்கிறது.

என்மேல் அவன் வழக்கமாகச் சாட்டும் குற்றம், நான் சிரிப்பதில்லை என்பது.

"நம்ம மருந்துக்கடைக்காரரு போன வாரமும் சிரிக்கல, பாத்தீங்களா? பல்ல பேங்க்ல போட்டு வச்சிருக்கியாடா லாய்டு? வட்டியாவது வெளிய காட்டுடா."

கூடமே உருண்டு சிரிக்கும். நான் பணத்தை டப்பாவில் போடுவேன்.

நவம்பரில் என் மனைவி ஆர்டிஸ் இறந்துபோனாள். பிப்ரவரியில் சங்கத்தின் ஜோடி விருந்து. வா, வீட்டிலேயே அடைந்து கிடக்காதே என்று எல்லாரும் வற்புறுத்தினார்கள், போனேன். கோர்டி எழுந்தான். "ஜோடி விருந்துக்கு ஒத்தையா வந்த குத்தத்துக்கு, லாய்டு எக்ஸ்ட்ரண்டுக்கு அபராதம்" என்றான். பிறகு அவனே மேசையைச் சுற்றி வந்து என் தோளில் கை போட்டு, "பாதி நான் போடுறேன்டா" என்று தன் பையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன்னைப் பழையபடி எங்களில் ஒருவனாக்க அவன் காட்டிய அன்பு அது என்று பிறகு பலர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். இருக்கலாம். அன்றைக்கு நானும் சிரித்தேன். என் பல்லைப் பார்த்து அவன் கை தட்டினான்.

அதற்காகத்தான் இதைச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவ்வளவு அற்பன் இல்லை நான்.

விஷயம் தண்ணீர். பெரு நாட்டில் மலைமேல் ஒரு ஊரின் சங்கத்தோடு எங்கள் சங்கத்துக்கு நட்பு உண்டு. அவர்கள் கொடி எங்கள் சுவரில் தொங்குகிறது, எங்கள் கொடி அவர்கள் சுவரில். அந்த ஊரில் பெண்கள் குடத்தோடு மலை இறங்கி ஏறுகிறார்கள். ஊற்றிலிருந்து குழாய் போட வேண்டும். நிதிக் குழுத் தலைவன் நான். சில வருஷமாக நிதி திரட்ட நாங்கள் நடத்தும் பான்கேக் காலை உணவில் வசூல் படுத்துவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள். கூட ஒரு விளையாட்டு வேண்டும் என்று போன வருஷம் சிறை வைத்தோம். தீயணைப்பு நிலையக் கூடத்தில், பள்ளி நாடகக் குழுவிடம் இரவல் வாங்கிய ஒரு கூண்டு. பிரமுகர் யாரையாவது பிடித்து உள்ளே தள்ளுவது, ஊரார் பணம் கொடுத்து மீட்பது. போன வருஷமும் கைதி கோர்டிதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தான். கூட்டம் பதறிக் கூண்டைத் திறந்ததும் எழுந்து ஓடிப்போய் ஒரு தட்டு பான்கேக்கைத் தூக்கிக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இந்த வருஷம் தட்டு ஏலம் சேர்த்தேன். யோசனை என்னுடையது. கைதிக்கு முன்னால் ஒரு தட்டு பான்கேக், மேலே மேப்பிள் பாகு. ஒருவர் பணம் கொடுத்தால் தட்டு கூண்டுக்குப் போகும். அவன் கை நீட்டுவதற்குள் வேறொருவர் அதைவிட அதிகம் கொடுத்தால் தட்டு திரும்பி வந்துவிடும். குழுவில் ஒரே ஆரவாரம். கோர்டிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். "என்னைப் பட்டினி போட இந்த ஊரே கடன் வாங்கும்டா" என்றான். அவன் கணிப்பு பிசகவில்லை.

கோர்டிக்குச் சர்க்கரை நோய் இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. கார் விற்கிறவன் நோயாளி என்று பெயரெடுத்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். விவாகரத்தாகிப் போன மனைவிக்குத் தெரியும், அவள் அரிசோனாவில் இருக்கிறாள். அவன் மருத்துவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும், இன்சுலின் ஊசி மருந்து என் கடையில் வாங்குவதுதான். இதயம் எந்த நிலையில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், அந்த மாத்திரையும் நான்தான் கொடுத்தேன். இந்த ஊரின் உடம்பெல்லாம் என் அலமாரியில் இருக்கிறது, மேடம். ஒருவர் ரகசியத்தைக்கூட நான் வெளியே விட்டதில்லை. அவனுடையதையும் விடவில்லை.

பின்வாசல் வழியாக வந்தவனிடம், "மொதல் தட்டு உனக்குத்தான், ரெடியா இருக்கு. ஊசியப் போட்டுக்கோ" என்றேன். சமையலறைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு போட்டுக்கொண்டான். போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், அது அவனுக்கும் தெரியும். சட்டையை இறக்கிவிட்டுத் தட்டுக்குக் கை நீட்டினான். நான் விசில் ஊதினேன். சிறைக்காவலர் வேஷத்துக்குப் போலி மீசை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தீயணைப்பு வீரர்கள் பாய்ந்து வந்து அவனைத் தூக்கினார்கள்.

"டேய், ரெண்டு வாய் சாப்ட்டுட்டு வர்றேன்டா" என்றான்.

"உள்ள கொண்டாந்து தர்றேன்" என்றேன்.

கைதிக்குக் கோடு போட்ட சட்டை மாட்ட வேண்டும் என்பதால் அவன் ஜாக்கெட்டை நானே கழற்றி வாங்கினேன். உள்பையில், சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளும் குளுக்கோஸ் மாத்திரைக் குப்பி இருந்தது. எப்போதும் இருக்கும், என் கடையில் வாங்கியதுதான். ஜாக்கெட் என் காரில் இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறீர்கள். அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கேட்டிருந்தால் எடுத்துத் தந்திருப்பேன்.

ஏலம் நன்றாகப் போனது. முதலில் கோர்டி வழக்கம்போல் கம்பியைப் பிடித்து ஆட்டினான், மேயரைத் திட்டினான், தன் கடையில் கார் வாங்கி இன்னும் ஆயில் மாற்றாதவர்களின் பெயரைக் கூவினான். தட்டு போனது, வந்தது. ஒவ்வொரு முறையும் பாகின் வாசனை அவன் மூக்குவரை போய்த் திரும்பியது. பிறகு வியர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. "என் ஜாக்கெட்டக் குடுங்கடா" என்று கேட்டான். யாரோ, "ஜாக்கெட்டுக்கும் ஏலம் விடுங்கப்பா" என்றார்கள். நான் விட்டேன். அதற்கும் நல்ல விலை வந்தது, ஜாக்கெட் மட்டும் வரவில்லை.

குழறிக் குழறிக் கத்த ஆரம்பித்தான். கெட்ட வார்த்தை வந்தது. அதற்கு ஒரு அபராதம் போட்டேன், கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. "போன வருஷம் நெஞ்சு வலி, இந்த வருஷம் என்னடா, வலிப்பா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். போலி மீசைக்காரர்கள் இருவரும் முதலுதவி படித்தவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள். கூண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களை நீங்கள் கடிந்துகொள்ளக் கூடாது. தன்னை நம்பாமல் இருக்க இந்த ஊரைப் பழக்கியது கோர்டிதான்.

ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. பெருவிலிருந்து வந்திருந்த மரிசோல் கின்தானா. அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவி, பள்ளியில் பாட்டு டீச்சர். நட்புச் சங்கத்து விருந்தாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆர்டிஸின் தையல் அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்திருந்தேன். மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"லாய்டு ஐயா, அவரு நடிக்கலன்னு தோணுது. எங்கப்பாவுக்கு இப்படித்தான் வரும். அந்த வேர்வையப் பாருங்க. கொஞ்சம் பாகாவது குடுங்களேன்."

"பயந்துட்டீங்களாம்மா? அதுக்குத்தான் அவன் இப்படிப் பண்றான். புதுசா வந்தவங்கள ஏமாத்துறதுன்னா அவனுக்கு அல்வா சாப்புடுற மாதிரி. இப்ப நீங்க போய்த் தட்டக் குடுத்தீங்கன்னா, பெருக்காரங்க ஏமாந்தாங்கன்னு வருஷம் பூரா சொல்லிக் காட்டுவான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. விருந்துக்கு வந்த இடத்தில் வேடிக்கை புரியாதவளாக நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? "மன்னிச்சுக்குங்க, எங்க ஊர்ல இப்படி வெளையாட மாட்டாங்க" என்றார்.

"பரவால்ல. நீங்களும் ஒரு தடவ ஏலம் கேளுங்க. உங்க ஊருக்குத்தானே போகுது. எல்லாரும் சந்தோஷப்படுவாங்க" என்று அவர் கையில் என் பணத்தையே கொடுத்தேன்.

அந்தச் சுற்றில் தட்டு கூண்டின் விளிம்பு வரை போயிருந்தது. மரிசோல் கையைத் தூக்கினார். விருந்தாளியும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று கூடம் அதிர்ந்தது. தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கோர்டி சரிந்தான். உடம்பு வெட்டி இழுத்தது. கைதட்டல் ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அதன் பிறகுதான் மீசைக்காரர்களில் ஒருவன் சாவியைக் கேட்டான். உடனே கொடுத்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு திரும்பவே இல்லை. அந்த வாரமே இதயம் நின்றுவிட்டது.

மரிசோல் ஊர் திரும்பிவிட்டார். போனில் அழைத்து, தான் அன்றைக்குச் சொன்னது சரியா, தப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். வயதான காலத்தில் பொய் எதற்கு. அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. குழாய் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் செயலாளர் சொன்னார். அந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் இனி நல்ல தண்ணீர் குடிப்பார்கள் என்பதையும் தராசில் வைத்துப் பாருங்கள், மேடம். நான் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது.

கடைசியாக அவன் என்ன பேசினான் என்று கேட்டீர்கள். மரிசோல் கையைத் தூக்குவதற்குச் சற்று முன்னால், நான் தட்டோடு கூண்டருகில் போனபோது, கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசினான். சின்ன வயதில் பேசிய குரல் அது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் குரல்.

"லாய்டு, இது வெளையாட்டு இல்லடா. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீயாவது நம்புடா."

"நம்புறேன்டா" என்றேன். அது உண்மை. அத்தனை பேர் இருந்த கூடத்தில் அவனை நம்பியவன் நான் ஒருவன்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, தட்டைத் திரும்ப எடுக்க யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.