பொய்க்குக் காப்புக் கட்டியவர் யார்?

பெருமைக்குரிய தலைவர், நம் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் மரியநாயகம் ஐயா அவர்களே! மணமேடையில் நாணிக் குனிந்திருக்கும் தங்கை சண்முகவடிவே! அருகிலே அசட்டுச் சிரிப்போடு அமர்ந்திருக்கும் மாப்பிள்ளை கந்தப்பனே! கொழுந்து பறித்த கைகளால் பந்தலுக்குத் தோரணம் கட்டிய தாய்மார்களே! இறம்பொடையிலிருந்து மலை தாண்டி வந்திருக்கும் சம்பந்தி வீட்டுப் பெரியோர்களே! அனைவருக்கும் லிந்துலை மண்ணின் அன்பு வணக்கம்.

வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் இந்தக் கல்யாணத்தை ஒரு பத்திரிகை நிறுத்தப் பார்த்ததே, அதை மறந்துவிட்டு வாழ்த்தலாமா? "மறப்போமாங்க!" என்கிறார் அங்கே ஒரு அண்ணன். சரி அண்ணே, உட்காருங்கள், சொல்கிறேன்.

சென்ற மாதம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினோம். நம் லயத்து வரிசை வீடுகளின் வாசல்தோறும் வேப்பிலை செருகினோம். இந்தக் குளிரில் வேம்பு ஏது? கீழ்நாட்டிலிருந்து மூட்டை கட்டி ரயிலில் வரவழைத்த வேப்பிலை! அதை ஒரு நிருபர் கண்டார். கண்டவர் வாசலுக்கு வந்தாரா? யாரையாவது கேட்டாரா? மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது செய்தி: 'லிந்துலைத் தோட்டத்தில் வைசூரி! வீடுதோறும் வேப்பிலை! தாய்மார் நமது நிருபரிடம் கண்ணீர் விட்டுக் கதறினர்!'

கதறிய தாய் யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! அட, ராசம்மாக்கா தூக்குகிறார். ஏனக்கா?

"நான் அன்னைக்கு வெங்காயம் உரிச்சேன் தம்பி!"

சிரிக்கிறீர்கள். அன்று சிரித்தோமா? டவுன் கடைக்காரர் நாம் நீட்டிய காசைத் தொடவில்லை. இறம்பொடையிலே மாப்பிள்ளையின் தகப்பனார் ஆண்டியப்பன் மாமா, பத்திரிகையை லயத்துக்கே உரக்கப் படித்துக் காட்டி, "அச்சுலயே வந்துருச்சு, அப்புறம் என்ன? இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார். துண்டால் முகத்தை மூடாதீர்கள் மாமா! அச்சைக் கண்டால் கும்பிடுகிற ஜனம்தானே நாமெல்லோரும்?

ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிப் போவது? இறம்பொடை போனால் அன்றே திரும்ப முடியுமா? காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாதே! உண்மை காப்புக் கட்டிக்கொண்டு லயத்தில் உட்கார்ந்திருந்தது. பொய்க்குக் காப்புக் கட்டியவர் யார்? அது பஸ் ஏறியது, ரயில் ஏறியது, இறம்பொடை அருவியையும் தாண்டியது! நிச்சயம் நின்றுபோன செய்தி வந்த அன்று வடிவு சோறு தொடவில்லை.

அப்போது புறப்பட்டார் ஒரு தாய். மாப்பிள்ளையைப் பெற்ற அம்மாக்கண்ணு அம்மா! "எழுதுனவன் வாசப்படி மிதிச்சானான்னு தெரியல. நான் போய் மிதிச்சுப் பாக்குறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்தார். வேப்பிலையை விலக்கி நுழைந்தார். "கூழு ஊத்து தாயி" என்று வடிவின் கையால் வாங்கிக் குடித்தார். அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பருவு கூட இல்லையேடி!" என்று கட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் நானுஓயாவில் அந்த நிருபரைத் தேடிப்பிடித்து விசாரித்தார். "பஸ்ஸு நிக்கலக்கா, ஜன்னல் வழியா பாத்தேன்" என்றாராம் அவர்.

தோழர்களே! கடல் கடந்து வந்தவர்கள் என்று இந்த நாட்டில் நமக்கு வாக்குரிமை இல்லை. குடியுரிமை இல்லை. நமக்கென்று மிஞ்சியிருப்பது நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் ஜன்னல் வழியாக அழிக்கலாமா? எழுதுகிறவர்களே, ஏறி வாருங்கள், இறங்கிப் பாருங்கள், இருந்து கேளுங்கள்! படிக்கிறவர்களே, பார்த்தவர் யார் என்று கேட்ட பிறகு நம்புங்கள்!

அந்த நிருபர் லோரன்ஸ் தம்பி இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். முறைக்காதீர்கள்! அம்மாக்கண்ணு அம்மா பாக்கு வைத்து அழைத்த விருந்தாளி அவர். தம்பி, பென்சிலோடு முன்னே வாருங்கள்.

வடிவு, உன்னைப் பற்றி இவ்வளவு நேரம் முழங்கிய நானும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அம்மா. அவர் கேட்பார், நீயே சொல். உன் குரலுக்கு இடம் விட்டு, இத்தனை பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, மணமக்களை நெஞ்சார வாழ்த்தி, நான் இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.